மழையில் அள்ளிய மிளகாய்

அம்மா சானடோரியத்திலிருந்து வீடு திரும்பியபோது எங்கள் காம்பவுண்டில் எல்லா வீட்டிலும் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பங்குனி பிறந்திருந்தது. வருஷத்துக்கு வேண்டிய மிளகாய், புளி, பருப்பு எல்லாவற்றையும் அந்த வெயிலுக்குள் வாங்கிக் காயவைத்து டின்களில் அடைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பெங்களூரில் எந்த நாள் தூறும், எந்த நாள் காயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜோகுபாளையத்தில் நாங்கள் இருந்த காம்பவுண்டு என்பது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வரிசை ஓட்டு வீடுகள்தான். எல்லாருக்கும் பொதுவாக ஒரு மண் வாசல், ஒரு குழாய். எங்கள் வீட்டில் முன்னறை, அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் இருட்டறை. அந்த இருட்டறையைச் சாமான் ரூம் என்போம். அப்பா மிலிட்டரி குவார்ட்டர்ஸ்களில் குழாய் பழுது பார்க்கும் ஃபிட்டர். பழைய மண்ணெண்ணெய் டின்களின் தலையை வெட்டி, விளிம்பை மடக்கித் தட்டி, மூடி போட்டு அவர் செய்துகொடுத்த டின்கள்தான் சாமான் ரூமில் சுவரோரமாக நின்றிருந்தன.

நோய் வருவதற்கு முன்பு அந்த அறை அம்மாவுடையது. விளக்கு இல்லாமலே உள்ளே போய்க் கேட்டதை எடுத்துக்கொண்டு வருவாள். அரிசி டின்னில் காய்ந்த வேப்பிலை கிடக்கும். துவரம் பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைத்திருப்பாள். புளியைக் கொட்டை எடுத்து, நார் எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கியிருப்பாள். ராகி மட்டும் ஒன்றும் செய்யாமல் சும்மா மூட்டையில் இருக்கும். "அதுக்கு நம்ம தயவு வேணாம் பாப்பா, எத்தினி வருஷம் ஆனாலும் அப்படியே கெடக்கும்" என்பாள். சாயங்காலம் காய்ச்சலும், பிறகு இருமலும், பிறகு வாயைத் துடைத்த துணியில் ரத்தமும் வந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். தங்கை இன்னும் பால் குடிக்கிற குழந்தை. அப்பா அம்மாவை ஊருக்கு வெளியே இருந்த டி.பி. சானடோரியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஒரு வருஷத்துக்கும் மேலாக நாங்கள் அவளைப் பார்க்கவே இல்லை.

எங்களைப் பார்த்துக்கொள்ள கோலார் தங்கவயலிலிருந்து அத்தை வந்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவள் புருஷன் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். பல வருஷம் இருமி இருமி இதே நோயில் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த மூத்த மகனும் அடுத்த வருஷமே அதே இருமலில் போனான். மிச்சம் இருந்தது ஒரு பெண், கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அத்தை ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கி, தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் வந்திருக்காவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. தங்கை பேச ஆரம்பித்தபோது அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள்.

அம்மா ஜட்கா வண்டியில் அப்பாவோடு வந்து இறங்கியபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. போகும்போது குச்சியாக இருந்தவள் கன்னம் வைத்து, சதை போட்டு, வேறு யாரோ போல் இருந்தாள். கையில் ஆஸ்பத்திரியில் உபயோகித்த எனாமல் தட்டும் டம்ளரும். வாசலில் குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. "நல்லா கீறியா அக்கா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்கள். அம்மா எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

உள்ளே வந்தவள் முன்னறையில் நிற்கவில்லை. நேராகச் சமையலறையைத் தாண்டிச் சாமான் ரூமுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அரிசி டின்னின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திறக்கக்கூட இல்லை. அதற்குள் அத்தை வந்துவிட்டாள்.

"நீ போயி உக்காரும்மா. இன்னா வேணும்னாலும் என்கிட்ட கேளு. நான் எடுத்துத் தரேன்."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணும் வேணாக்கா. சும்மா பாத்தேன்."

முன்னறை மூலையில் அத்தை ஏற்கெனவே பாயும் தலையணையும் போட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சொம்பு வைத்திருந்தாள். அம்மா அந்த மூலையில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தை வேப்பிலை போட்ட வெந்நீரில் துணி நனைத்து, அரிசி டின்னின் மூடியைத் துடைத்தாள். ஒளித்துச் செய்யவில்லை. கோபமாகவும் செய்யவில்லை. அடுப்பு மெழுகுவதுபோல் ஒரு வேலையாகச் செய்தாள்.

அப்பா சொல்லிப் பார்த்தார். "டாக்டரு சொல்லிட்டாருக்கா. சளியில ஒண்ணும் இல்லியாம். எல்லாரு மாதிரியும் இருக்கலாமாம்."

"ஒண்ணும் இல்லன்னா நல்லதுதான்டா. நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? ஒரு வருஷம் போவட்டும். ரெண்டு பொட்டப் பசங்க கீது இந்த வூட்ல."

 அப்பா இன்னும் பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது இருந்தது. ஆனால் புருஷனையும் மகனையும் வாரிக்கொடுத்த ஒருத்தியிடம், பயப்படாதே என்று எந்த வாயால் சொல்வது? அவர் அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் அத்தையும் அல்சூர் மார்க்கெட்டுக்கு மிளகாய் வாங்கப் போனோம். கிளம்பும்போது அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"நிறத்துக்குப் பேடகி மிளகா வாங்கணும், காரத்துக்குக் குண்டூர். பேடகி சுருங்கிச் சுருங்கி இருக்கணும் பாப்பா. மொழுமொழுன்னு இருந்தா ஈரம் கீதுன்னு அர்த்தம். கையில எடுத்துக் குலுக்கிப் பாரு. உள்ள வெதை ஆடுற சத்தம் கேக்கணும். காம்பு இல்லாத மிளகா வேணாம். அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே, நீயா சொல்ற மாதிரி சொல்லு."

மார்க்கெட்டில் நான் ஒரு மிளகாயை எடுத்துக் காதருகில் குலுக்கினேன். கடைக்காரர் சிரித்தார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தானும் ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, அந்தக் குவியலிலிருந்தே அளக்கச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து வாசல் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோணி, ஒரு பழைய புடவை, அதன்மேல் மிளகாய். எங்களுடையதற்குப் பக்கத்தில் கடைசி வீட்டு அக்காவுடையது. அவர்கள் கன்னடக்காரர்கள். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு இரண்டு பேரும் ஒரே முறத்தில் அரிசி புடைத்தவர்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து காக்காய் விரட்டினாள். அது ஒன்றுதான் அவளுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டிருந்த வேலை. ஒரு நீளக் குச்சியை வைத்துக்கொண்டு எல்லார் வீட்டு மிளகாய்க்கும் காவல் இருந்தாள். மேல்பக்கம் காய்ந்த மிளகாயைப் புரட்டிப் போட வேண்டும் என்று அவளுக்குக் கை பரபரக்கும். "பாப்பா, அந்த ஓரத்தைக் கொஞ்சம் கெளறி வுடு" என்று என்னிடம் சொல்வாள்.

அன்றைக்கு மத்தியானம் காற்று திடீரென்று நின்றது. அத்தை தங்கையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வாசலில் யாரும் இல்லை. சமையல் முடிந்து பெண்கள் கண்ணயர்ந்திருந்த நேரம். நான் உள்ளே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் மண்வாசனை வந்தது. அதற்கடுத்து ஓட்டின்மேல் கல் விழுவதுபோல் பெரிய பெரிய துளிகள்.

நான் எழுந்து வெளியே வருவதற்குள் அம்மா வாசலில் இருந்தாள். கோணியின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து எங்கள் மிளகாயைத் தூக்கி உள்ளே எறிந்தாள். திரும்ப ஓடினாள். கண்டக்டர் வீட்டு மிளகாயைப் புடவையோடு சுருட்டினாள். நடுவில் பிரிந்து கொட்டியதை மடியில் அள்ளினாள். "அக்கா! மழை! எழுந்திரிங்க!" என்று கத்திக்கொண்டே அடுத்த கோணிக்குப் போனாள். அதற்குள் மற்ற வீட்டுக்காரர்கள் எழுந்து வந்து தங்கள் தங்கள் கோணிகளை இழுத்துக்கொண்டார்கள். எல்லாம் சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது. வாசலில் செம்மண் தண்ணீர் ஓடியது. எங்கள் முன்னறையில் இரண்டு மிளகாய்க் குவியல்கள், நடுவில் அம்மா. தலை நனைந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அன்றைக்குத்தான் அவள் என் பழைய அம்மா மாதிரி இருந்தாள். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். இருமல் இல்லை.

"ஒண்ணுகூட நனையல பாப்பா. தொட்டுப் பாரு."

மழை விட்டதும் கண்டக்டர் வீட்டு அக்கா வந்தாள். வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். அம்மா அவளுடைய மிளகாயை முறத்தில் வாரிக்கொண்டு எழுந்தாள்.

"இந்தாக்கா. உள்ளே கொண்டுபோயி பரத்தி வெச்சிடு."

அந்த அக்கா கையை நீட்டவில்லை. தன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. அழப்போகிறவள் போலத்தான் இருந்தாள்.

"பேட, வேணாம் அக்கா. நீங்களே வெச்சுக்கோங்க. நமக்கு ஊர்லேர்ந்து வேற வருது. அது சாக்கு, அதுவே போதும்."

"எந்த ஊர்லேர்ந்து? போன வாரம்தானே வாங்கின நீ?"

"வருது அக்கா. எங்க அண்ணா அனுப்பறாங்க."

அவள் போய்விட்டாள். அம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் சம்பளத்தில் ஒரு வருஷ மிளகாயை வேண்டாம் என்று விட்டுப் போவது சின்ன விஷயமில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் வீட்டில் நான்கு குழந்தைகள். அதைத் தெரிந்துகொண்டு அவளோடு சண்டை போடவும் முடியவில்லை.

அத்தை வந்து பார்த்தாள். என்ன நடந்தது என்று நான் சொன்னேன். அவள் தங்கையை இறக்கிவிடாமல், இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு குவியல்களையும் பார்த்தாள். அம்மாவைத் திட்டவில்லை. "நல்ல காரியம்தான் பண்ணியிருக்க" என்றாள். பிறகு, "அவன் வரட்டும்" என்றாள்.

அப்பா சாயங்காலம் வந்தார். முன்னறையில் ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் அம்மா, நடுவில் மிளகாய். அத்தைதான் கேட்டாள்.

"நீ சொல்லுடா. உன் வூடு, உன் பசங்க. இதை உள்ள எடுத்து வெக்கறதா, வேணாவா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையைப் பிசைந்தார். வேலையில் எந்தக் குழாயில் எங்கே அடைத்திருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறவர் என்று பெயர் வாங்கியவர். அன்றைக்கு மிளகாயை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். பிறகு சொன்னார்.

"நாளைக்கு மறுபடியும் வெயில்ல போடுங்க. நல்ல வெயில் பட்டா எல்லாம் போயிடும்."

எது போயிடும் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நல்லவராக இருக்க வேண்டும் என்று சொன்ன வார்த்தை. அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து மூலைக்குப் போய்ப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

வெயிலில் போட்டார்கள். காய்ந்தது. காய்ந்தபிறகும் அத்தையால் அதைச் சாமான் ரூமுக்குள் எடுத்துப்போக முடியவில்லை. எடுக்கப் போனாள், கோணியைத் தொட்டாள், விட்டுவிட்டாள். "என்னால ஆவலடா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அழுதாள். அத்தை அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த வாரம் அப்பா முன்னறைச் சுவரில் இரண்டு பலகைகளை அடித்து ஒரு ஷெல்ஃப் செய்தார். குவார்ட்டர்ஸில் ஆபீசர் வீடுகளில் தூக்கிப்போட்ட பிஸ்கட் டின், பால்பவுடர் டின்களைக் கொண்டுவந்தார். ஒரு சின்னக் கரி அடுப்பு வாங்கினார். அம்மாவுக்கு இனி தனிச் சமையல், தனிச் சாமான். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆணி அடிக்கும் சத்தம்தான் சொன்னது. அடித்து முடித்து அப்பா, "இது உனக்கு வசதியா இருக்கும். குனிய வேணாம்" என்றார். "ஆமாங்க. வசதியா இருக்குது" என்றாள் அம்மா.

அத்தை கஞ்சத்தனம் காட்டவில்லை. அரிசி, பருப்பு, ராகி, வெல்லம், உப்பு, எண்ணெய் எல்லாவற்றிலும் அம்மாவுக்கு ஒரு பங்கு அளந்து தனியாக முறத்தில் கொண்டுவந்து வாசற்படியருகே வைப்பாள். அம்மா அவற்றை டின்களில் நிரப்புவாள். அரிசியில் வேப்பிலை போட்டாள். ஒரு கைப்பிடி துவரம் பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவினாள். முன்பு ஒரு குடும்பத்துக்கே செய்ததையெல்லாம் ஒருத்திக்குச் செய்தாள். மேல்பலகை முழுக்க மிளகாய். எங்கள் வீட்டு மிளகாயும் கண்டக்டர் வீட்டு மிளகாயும். ஒரு மனுஷி எத்தனை வருஷம் சாப்பிட்டாலும் தீராத மிளகாய்.

அவள் சமைக்கும்போது நான் பக்கத்தில் போய் உட்காருவேன். ஒரு நாள் அவள் ராகிக் களி கிண்டி, பக்கத்தில் புளியும் மிளகாயும் வைத்து அரைத்த துவையல் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அத்தை குழாயடியில் இருந்தாள்.

"எனக்கு ஒரு உருண்டை குடும்மா."

அவள் தட்டை என் பக்கத்திலிருந்து நகர்த்தினாள்.

"வேணாம் கண்ணு."

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. டாக்டரே சொல்லிட்டாரே."

"சொன்னாரு." அவள் களியை ஒரு பக்கமாக உருட்டினாள். "ஆனா ஒருவேளை அவங்க சொல்றதே சரியா இருந்தா? எனக்கு இன்னா தெரியும் பாப்பா? என் நெஞ்சுக்குள்ள இன்னா கீதுன்னு நானா பாத்தேன்? உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா நான் எங்க போயி முட்டிக்கறது?"

அதுவரை நான் அத்தையும் அக்கம்பக்கமும்தான் அவளை விலக்கி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அவர்களோடு சேர்ந்து தன்னை விலக்கி வைத்திருந்தாள் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் யாரிடம் போய் என்ன கேட்பது? எழுந்து குழாயடிக்குப் போய் அத்தையோடு நின்றுகொண்டேன்.

அப்பா ஒரு தடவை அத்தையையும் கூட்டிக்கொண்டு சானடோரியத்துக்குப் போனார். டாக்டரே அவளுக்கு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி எல்லாம் ஆறிவிட்டது என்று சொன்னாராம். அத்தை கைகூப்பிக் கேட்டுக்கொண்டாளாம். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல மனுசன்" என்றாள் அத்தை. "பொறுமையாத்தான் சொன்னாரு. என் வூட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஒருத்தரு சொன்னாரு."

 அப்பா முகம் கழுவப் போய்விட்டார்.

அந்த ஆனி மாதம் மிளகாய்த்தூள் இடித்தார்கள். அத்தை மறுபடியும் மார்க்கெட்டில் வாங்கிவந்த மிளகாயைச் சமையலறையில் கடாயில் வறுத்தாள். வெளியே தூறல். கதவுகளைத் திறந்து வைத்தும் நெடி போகவில்லை. முதலில் தங்கைக்குத் தும்மல் வந்தது. பிறகு எனக்கு இருமல். பிறகு அத்தைக்கே அடக்க முடியவில்லை. அடுத்த வீட்டில் இருமினார்கள். அதற்கடுத்த வீட்டில் இருமினார்கள். "யாரு மிளகா வறுக்கறது, கதவைச் சாத்துங்கம்மா!" என்று யாரோ சிரித்துக்கொண்டே கத்தினார்கள். காம்பவுண்டே இருமியது.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடி வந்தேன். அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். முகம் ரத்தமாய்ச் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது. அவள் தோள்கள் குலுங்கிக் குலுங்கி எழுந்தன. ஒரு சத்தம் வெளியே வரவில்லை. எல்லாரும் இருமலாம். அவள் இருமினால் மட்டும் அது மிளகாய் இருமலாக இருக்காது. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். ஒரு கையால் என்னைத் தள்ளினாள். தள்ளின கையையே பிறகு விடாமல் பிடித்துக்கொண்டாள். நெடி அடங்கும்வரை அப்படியே இருந்தோம்.

அந்த மழைக்காலம் முழுக்க ஈரம். மேல்பலகை மிளகாயில் வெள்ளையாகப் பூசணம் பிடித்தது. அம்மா தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். வெயில் வந்தால் போடலாம் என்று காத்திருந்தாள். வெயில் வரவில்லை. வாசலில் போட்டாலும், அவள் மிளகாய்க்குப் பக்கத்தில் யாரும் தங்களுடையதைப் போடமாட்டார்கள் என்பதால் அவள் போடத் தயங்கினாள். கடைசியில் எல்லாவற்றையும் கோணியில் கட்டி என்னிடம் கொடுத்தாள். தெருமுனைக் குப்பைக் குழிக்கு நான் அதை இழுத்துக்கொண்டு போனேன். குழியில் கொட்டும்போது கண்டக்டர் வீட்டு அக்கா எதிரில் வந்தாள். நின்று பார்த்தாள். என் தலையைத் தொடப் போய், தொடாமல், "ஷாலைக்கு ஹோகல்லியா கண்ணு, பள்ளிக்கூடம் போவலியா?" என்று கேட்டுவிட்டு வேகமாகப் போனாள். அவர்கள் அந்த வருஷம் கடையில் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக மிளகாய் வாங்கித்தான் குழம்பு வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரிலிருந்து எந்த அண்ணாவும் எதுவும் அனுப்பவில்லை.

அத்தை சொன்ன ஒரு வருஷம் போனது. இன்னொரு வருஷமும் போனது. அம்மாவுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. ஆனால் ஷெல்ஃப் சுவரில் இருந்தது. கழற்று என்று யார் சொல்வது? எந்த நாளில் சொல்வது? சொல்லத் தேவையில்லாத ஒரு விஷயமாக அது ஆகிவிட்டது. தங்கைக்கு விவரம் தெரிந்தபோது எல்லார் வீட்டிலும் அம்மாவுக்கு முன்னறையில் ஒரு ஷெல்ஃப் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்குப் போய், "உங்க அம்மா டின்னெல்லாம் எங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஒரு சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் அம்மாவின் மூலைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவருக்குத் தலைமுடி நரைக்க ஆரம்பித்திருந்தது. அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வண்டு விழுந்து பாதி ஓட்டையான பருப்பு.

"அந்த டின்னுல வெல்லம் கீதா?" என்று கேட்டார்.

அம்மா நிமிர்ந்தாள்.

"ஒரு துண்டு குடு." கையை நீட்டினார்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையும் உள்ளேயிருந்து பார்த்தாள் என்று நினைக்கிறேன். கரண்டிச் சத்தம் நின்றுபோனது. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். இரும்புத்துருவும் எண்ணெயும் ஏறிப்போன கை. இத்தனை நாளும் அவள் காத்திருந்தது இதற்குத்தான் என்று நினைத்தேன். எழுந்து டின்னைத் திறப்பாள் என்று நினைத்தேன்.

"உள்ளே நெறைய கீது. அக்காகிட்ட கேளுங்க" என்றாள்.

"உன்கிட்டதான் கேக்கறேன்."

"எனக்குத் தெரியும். வேணாங்க. இன்னிக்கு எனக்காகத் தின்னுட்டு, நாளைக்கு ஒரு சாதாரண இருமல் வந்தாகூட நீங்க ராத்திரி தூங்கமாட்டீங்க. நானும் தூங்கமாட்டேன்."

அப்பா கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் சிறிது நேரம் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகத் தரையில் ஊன்றி எழுந்தார். அம்மா மறுபடியும் பருப்பில் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகிப் பிரேசர் டவுனில் தனிக்குடித்தனம் வைத்தபோது அறுபதுகள் பிறந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மாவின் நோயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் நடக்காது என்று அப்பாவும் அத்தையும் முடிவு செய்திருந்தார்கள். கல்யாணத்தில் அம்மா, நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கண் எரிகிறது என்று சொல்லிக் கொஞ்சம் ஒதுங்கியே நின்றாள். மகளின் புது வீட்டுக்கு ஒரு வருஷச் சாமானைத் தாய்வீட்டார் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அம்மாதான் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போய், தூர நின்று, விரலால் காட்டினாள். எந்த மூட்டை, எந்தப் பருப்பு, எந்தப் புளி. கட்டியதும் தூக்கியதும் அப்பாவும் அத்தையும். அத்தைக்கு அப்போது முதுகு வளைந்துவிட்டது. அப்படியும் எனக்கான புளியைக் கொட்டை எடுத்தது அவள்தான்.

நாங்கள் எல்லாரும் வண்டியில் சாமானோடு புது வீட்டுக்குப் போனோம். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமியார் ஊரில் இருந்தார். சமையலறையில் புத்தம்புது டின்கள் வரிசையாக நின்றன. அப்பாவும் அத்தையும் வாசலில் வண்டிக்காரனோடு இருந்தார்கள். உள்ளே நானும் அம்மாவும் மட்டும்தான். அரிசி மூட்டையின் வாயைப் பிரித்துவிட்டு நான் அவளிடம் படியை நீட்டினேன்.

"நீ மொதல்ல போடும்மா."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சின்னக் குழந்தை போல.

"நீயே போடு பாப்பா."

"யாரும் இல்லம்மா. நீயும் நானும்தான். நீ போட்டாத்தான் எனக்குத் திருப்தி."

"எனக்கு மட்டும் ஆசை இல்லியா?" என்றாள். "ஒரு நாள் உன் மாமியாருக்குத் தெரிஞ்சி, இந்த டின்னுல யாரு கை பட்டுதுன்னு கேட்டா, நீ இன்னா சொல்லுவ? அந்த அரிசியில பொறக்கப்போற புள்ளைக்கும் ஆக்கிப் போட்டிருப்ப. அப்போ உன்னைத்தான கேப்பாங்க?"

யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எனக்கே அது நிச்சயமில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துப் படியைத் திணித்திருக்கலாம். அப்படிச் செய்தால் அந்த வருஷம் முழுக்க அவள் தூங்கமாட்டாள் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

நானே போட்டேன். அவள் கதவோரம் நின்று, "மெதுவா, கீழ கொட்டாதே" என்றாள். பாதி நிரம்பியதும், "இப்ப வேப்பிலை போடு" என்றாள். போட்டேன். "இன்னும் கொஞ்சம்." போட்டேன். டின் நிறைந்ததும் நான் மூடியை அழுத்தினேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அம்மா தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வந்து, நின்றுவிட்டாள்.

"அந்தப் பக்கம் அமுக்கு" என்றாள்.

அமுக்கினேன். மூடி பொருந்தியது.